தமிழ்க் கதை வீடியோவுக்கு முதலில் குரலைப் பாருங்கள்

வணக்கம். பாட்டி சொன்ன கதைகளை 5 நிமிட வீடியோக்களாக்க ஆசை, மாதம் ஆயிரம் ரூபாய்தான் முடியும், படம், வீடியோ, குரல் மூன்றுக்கும் எந்த ஏஐ கருவி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீடியோ கருவிக்கு இப்போது காசு போடாதீர்கள். கூகுளின் வியோ 3 ஒரு தடவைக்கு 8 விநாடிதான் தரும். 5 நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 38 துண்டுகள். பிடிக்காததைத் திரும்பத் திரும்பச் செய்யும் செலவு தனி. நிலைப்படங்களை மெல்ல நகர்த்தினாலே கதைக்குப் போதும். கதையில் நரி வந்தால், அதன் முதல் படம் நன்றாக வந்ததும் அதையே படக் கருவிக்கு மாதிரியாகக் கொடுத்து அடுத்தடுத்த படங்களைக் கேளுங்கள், முகம் அதிகம் மாறாது. தலைப்பை மட்டும் எடிட்டிங்கில் நீங்களே எழுதுங்கள். படத்துக்குள் எழுதச் சொன்னால் கொம்பும் சுழியும் சிதைந்துவிடலாம்.

குரலில்தான் நேரம் செலவிட வேண்டும். எழுத்தைக் குரலாக்கித் தரும் மைக்ரோசாஃப்ட் அஸூர் சேவையில் பல்லவி, வள்ளுவர் என்று தமிழ்நாட்டுக் குரல்களும், சரண்யா, குமார் என்று இலங்கைக் குரல்களும் உண்டு. "கோபு கிழவரிடம் பழம் கேட்டான்" என்று ஒரு வரி கொடுத்துக் கேளுங்கள். ழகரம் சரியாக வருகிறதா? நமக்கு ககரம் ஒன்றுதான் என்பதால், 'கோபு'வைக் 'கோழி'யின் ககரத்தோடு படிக்கிறதா? படித்தால் பெயரை மாற்றுவதே எளிது.

அப்புறம் ஒன்று. பாட்டி இருக்கிறார் என்றால், அவரையே சொல்லச் சொல்லி, மின்விசிறியை நிறுத்திவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். அந்த இழுவையும் இடைநிறுத்தமும் எந்தக் கருவியிலும் கிடைக்காது.