பருப்பு வேகவில்லை என்றால் குக்கரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: கோவையில் இருக்கிறோம், வீட்டில் நான்கு பேர். எங்களுடையது பத்து வருடப் பழைய 5 லிட்டர் அலுமினியக் குக்கர், வெளிமூடி வகை. ஆறு மாதத்துக்கு முன்பு சிறுவாணித் தண்ணீர் வந்த வீட்டிலிருந்து, போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டுக்குக் குடிவந்தோம். அதிலிருந்து துவரம்பருப்பு ஏழு விசில் விட்டாலும் முழுசு முழுசாக நிற்கிறது. விசில் வரும்போது பருப்புத் தண்ணீர் சுவர் வரை தெறிக்கிறது, மூடி ஓரத்திலும் ஆவி கசிகிறது. மாமியார் மூன்று விசில் போதும் என்கிறார், யூடியூபில் ஆறு என்கிறார்கள். புதுக் குக்கர் வாங்கிவிடலாமா? வாங்கினால் அலுமினியமா, ஸ்டீலா?

பதில்: கடைக்குக் கிளம்பாதீர்கள். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள், வீடு மாறியது. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

குக்கர் ரிப்பேர் மேசையில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். "பருப்பே வேகலீங்க, குக்கர் போயிடுச்சு" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது "எந்தத் தண்ணியில வேக வைக்கிறீங்க?" என்றுதான். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகமாக இருந்தால், அவை பருப்பின் தோலிலும் செல் சுவரிலும் உள்ள பெக்டின் என்ற பசைப் பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு பிடிவாதமாக நிற்கும். சிறுவாணி மென்மையான தண்ணீர் என்பதால் பழைய வீட்டில் உங்களுக்கு இந்தத் தொல்லை தெரியவில்லை. நாளைக்கே சோதித்துப் பாருங்கள். அதே பருப்பை, கேன் தண்ணீரிலோ வடிகட்டிய குடிதண்ணீரிலோ அரை மணி நேரம் ஊற வைத்து, அதே தண்ணீரில் வேக வையுங்கள். குழைந்துவிட்டால் குக்கர் மேல் தப்பில்லை. அப்போதும் குழையவில்லை என்றால் பருப்பு பழசாக இருக்கலாம். ரொம்ப நாள் கிடந்த பருப்பு எந்தத் தண்ணீரிலும் லேசில் வேகாது. தக்காளி, புளியைப் பருப்போடு சேர்த்துப் போடும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், புளிப்பும் பருப்பை வேக விடாது. சீக்கிரம் வேக வேண்டும் என்று சமையல் சோடா மட்டும் போட்டுவிடாதீர்கள். மூடிய குக்கருக்குள் அது பொங்கி ஆவிக் குழாயை அடைத்துவிடும்.

அடுத்தது தெறிப்பது. பருப்பு வேகும்போது நுரைக்கும். பாத்திரத்தில் இடமில்லை என்றால் நுரை ஆவிக் குழாய்க்குள் ஏறி, வெயிட் தூக்கும்போதெல்லாம் பீய்ச்சி அடிக்கும். பருப்பு, அரிசி, கஞ்சி போல நுரைப்பவை எதுவானாலும் தண்ணீரோடு சேர்த்துக் குக்கரின் பாதிக்கு மேல் போகக் கூடாது. காய்கறி, கறி என்றால் மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம். நேரடியாக வேக வைக்கும்போது அரை ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். அடுக்குப் பாத்திரத்தில் வைத்தால், பருப்புக் கிண்ணத்தின் மேல் சின்ன தட்டு ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு பழைய எவர்சில்வர் தட்டு இருக்கிறது, நடுவில் லேசாக நெளிந்தது, வேறு எதற்கும் உதவாது.

தெறிப்பதைச் சமாளிக்கலாம். அந்த நுரை காய்ந்து ஆவிக் குழாய்க்குள்ளேயே ஒட்டிக்கொள்வதுதான் ஆபத்து. ஒருமுறை ஒரு அம்மா கொண்டுவந்த மூடியைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். ஓட்டை வழியாக வெளிச்சமே வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதில், முதலில் காய்ந்த பருப்புத் தோல், அடுத்து ஒரு சீரகம், கடைசியில் சுருண்ட கறிவேப்பிலைக் காம்பு வந்தது. "சேஃப்டி வால்வு அடிக்கடி போகுதுங்க" என்பதுதான் அவர் புகார். ஆவி போக வேண்டிய வழி அடைத்திருந்ததால் ஒவ்வொரு முறையும் வால்வுதான் உயிரைக் கொடுத்து அவரைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால் மூடியைக் கழுவியதும் ஒருமுறை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பாருங்கள், இரண்டு விநாடி வேலை. உங்களுடையதைப் போல வெயிட்டைத் தனியாகப் போடும் குக்கரில் இன்னொரு வசதி உண்டு. மூடியதுமே வெயிட்டைப் போடாமல், குழாயிலிருந்து ஆவி சீராக வரும் வரை பொறுங்கள். குழாய் திறந்திருக்கிறது என்பதும் தெரியும், உள்ளே இருந்த காற்றும் வெளியேறிவிடும். அப்புறம் வெயிட்டைப் போடுங்கள்.

ஓரத்தில் கசிவது கேஸ்கட். கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தாலோ, மேலே நூல் போல வெடிப்பு தெரிந்தாலோ, மூடிக்குள் போட்டால் தொளதொளவென்று கிடந்தாலோ அதன் காலம் முடிந்தது. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் அன்றைக்கு மட்டும் இறுகும். கோதுமை மாவை ஓரத்தில் அப்பும் வேலை வேண்டவே வேண்டாம். தினமும் சமைக்கிற வீட்டில் நான் வருடத்துக்கு ஒன்று மாற்றச் சொல்வேன். உங்கள் குக்கர் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியில், அதே லிட்டருக்கானதைக் கேட்டு வாங்குங்கள். "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்று கொடுப்பது எதற்கும் சரியாகச் செட் ஆகாது. சேஃப்டி வால்வும் அப்படித்தான். அதன் நடுவில் இருப்பது குறைந்த சூட்டில் உருகும் உலோகம். குக்கரில் தண்ணீர் வற்றினாலோ சூடு எல்லை மீறினாலோ அது உருகி ஆவியை வெளியே விடும். வால்வு இருந்த ஓட்டையில் போல்ட், நட்டு போட்டு முடுக்கிய மூடி ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. அதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

சரி, விசில் சண்டைக்கு வருவோம். மாமியார் சொல்வதும் சரி, யூடியூபும் சரி. அவரவர் அடுப்புக்கு.

வெயிட் செய்கிற வேலை ரொம்ப எளிமையானது. உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ என்ற அளவைத் தொட்டால் ஆவி அதைத் தூக்கும், கொஞ்சம் ஆவி போனதும் மறுபடி உட்காரும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது, அதனால்தான் சீக்கிரம் வேகிறது. 1679-ல் எலும்பை மெத்தென்று வேக வைக்க ஆவிப் பாத்திரம் செய்த பிரெஞ்சு விஞ்ஞானி டெனிஸ் பாபின் காலத்திலிருந்து இதே தத்துவம்தான். இதில் கவனிக்க வேண்டியது, தீயை எவ்வளவு கூட்டினாலும் வெயிட் அந்த 120-ஐத் தாண்ட விடாது. கூடுதல் தீ முழுக்க ஆவியாகி, விசிலாகி, உங்கள் சுவருக்குத்தான் போகிறது. ஃபுல் ஃபிளேமில் ஐந்து விசில் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடலாம். சிம்மில் அதே ஐந்துக்குக் கால் மணி நேரம் ஆகலாம். விசிலை எண்ணுவது, ரோட்டில் ஹாரன் சத்தத்தை எண்ணித் தூரம் கணக்குப் போடுவது மாதிரி.

முதல் விசில் வரும் வரை தீயை நன்றாக வையுங்கள். வந்ததும் சிம்முக்குக் கொண்டுவந்து கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணி ஊறிய துவரம்பருப்புக்கு எட்டு முதல் பத்து நிமிடம், அரிசிக்கு ஐந்தாறு நிமிடம், ராத்திரி ஊற வைத்த கொண்டைக்கடலைக்குக் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் அரிசி, உங்கள் அடுப்புக்கு இரண்டு நாளில் சரியான கணக்கு பிடிபட்டுவிடும். சிம்மில் விசில் அபூர்வமாகத்தான் வரும், பயப்படாதீர்கள், உள்ளே வேலை நடக்கிறது. அணைத்த பிறகு அழுத்தம் தானாக இறங்கட்டும். அவசரத்துக்கு ஸ்பூனால் வெயிட்டைத் தூக்கினால் பருப்பு மறுபடி பீய்ச்சும். கைப்பிடி இறுக்கமாக இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம், பலம் காட்டாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் புதுசு வாங்கத் தோன்றினால் முதலில் பழையதைப் பாருங்கள். அடி உருண்டு அடுப்பில் ஆடுகிறதா, வாய் விளிம்பு நெளிந்திருக்கிறதா, கைப்பிடி ஆணி ஆடுகிறதா? ஆம் என்றால் தாராளமாக மாற்றுங்கள். விளிம்பு நெளிந்தால் புதுக் கேஸ்கட்டும் ஆவியைப் பிடிக்காது.

அலுமினியமா ஸ்டீலா என்பதை நீங்கள் குக்கருக்குள் எப்படிச் சமைக்கிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கும். அடுக்கில் வைத்துச் சமைக்கிறவர்களுக்கு சாப்பாடு குக்கரையே தொடாது, கீழே வெறும் தண்ணீர்தான். அதற்கு அலுமினியமே போதும், விலையும் எடையும் குறைவு. உள்ளே கறுக்காமல் இருக்க அடித் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சைத் தோல் போடுங்கள். சாம்பார், தக்காளி சாதம், பிரியாணி என்று நேரடியாகச் செய்கிறவர்கள் ஸ்டீல் வாங்குவது நல்லது, புளிப்பு அலுமினியத்தோடு சேராது. ஆனால் மெல்லிய அடி உள்ள ஸ்டீல் அடிப்பிடிக்கும். மூன்று அடுக்குத் தகடு, அதாவது ட்ரை-ப்ளை, விலை கூடினாலும் எனக்குப் பிடித்தது அதுதான். இன்டக்ஷன் அடுப்பும் இருந்தால் அடியில் காந்தத்தை ஒட்டிப் பார்த்து வாங்குங்கள்.

உள்மூடி வகையில் ஆவியே மூடியை மேலே தள்ளி இறுக்கும், அழுத்தம் இருக்கும்போது திறக்க முடியாது. நல்ல அமைப்பு, ஆனால் வாய் சின்னது, அடுக்குப் பாத்திரம் வைக்கச் சிரமம். உங்களுக்கு வெளிமூடியே சரி. நான்கு பேருக்கு 5 லிட்டர் போதும். விருந்தாளியை நினைத்து 7.5 வாங்கினால் தினமும் அதைத்தான் தேய்க்க வேண்டியிருக்கும். பதிலாகப் பருப்புக்கும் உருளைக்கிழங்குக்கும் ஒரு சின்ன ஸ்டீல் குக்கர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் வாங்காதீர்கள். 2021 பிப்ரவரி முதல் வீட்டுக் குக்கர்களுக்கு அது சட்டப்படி கட்டாயம். ஆன்லைனில் வாங்கினால் முத்திரைக்குக் கீழே உள்ள சிஎம்/எல் எண்ணை, அதாவது உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

பழைய குக்கரைப் பழைய சாமான் கடைக்குப் போடும்போது வெயிட்டை மட்டும் "இருக்கட்டுமே" என்று எடுத்து வைக்காதீர்கள். ஒரு கம்பெனி வெயிட் இன்னொரு குக்கரின் குழாயில் உட்காரலாம், விசிலும் அடிக்கலாம், ஆனால் அது தூக்குகிற அழுத்தம் வேறாக இருக்கும். அதுவும் சேர்ந்தே போகட்டும்.