மரமேறும் கயிற்றைக் காசிமேட்டில் வாங்கலாமா? மிச்சிகன் வரும் தம்பிக்கு

தம்பி,

ஆகஸ்டில் வேலைக்காக அமெரிக்காவின் மிச்சிகன் வருகிறாய். டீம் ஆட்கள் வீடியோ காலிலேயே மான் வேட்டைக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மரத்தில் ஏறி உட்கார வேண்டும் என்கிறார்கள், ஆளுக்கொரு சாமான் பெயர் சொல்கிறார்கள். எடை குறைந்தது எது, கயிற்றைக் காசிமேட்டிலேயே சித்தப்பாவிடம் சொல்லி வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அம்மா வேறு "மானைத் தொட்டா ஜெயிலு" என்று பயப்படுகிறார். நானும் தண்டையார்பேட்டைக்காரன், எண்ணூர் லாரி கம்பெனியிலிருந்து கிளம்பி வந்தவன். ஒரே ஏரியா என்பதால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

மரமேறும் கயிற்றை அங்கே வாங்காதே. துறைமுகப் பக்கம் விற்பது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், நைலான். படகு கட்டவும் வலை இழுக்கவும் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி வாக்கிலேயே உருகும். முடிச்சு வேகமாக உராய்ந்து இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடலாம். நைலான் முறுக்குக் கயிறு ரப்பர் மாதிரி இழுபடும். மரத்தில் ஆளைத் தாங்கும் கயிறு வேறு: உள்ளே நூல்கற்றை, வெளியே இறுக்கமாகப் பின்னிய உறை. கெர்ன்மேண்டில் என்பார்கள். அதிலும் நீட்சி குறைந்த ஸ்டேடிக் வகை, இ.என். 1891 என்ற ஐரோப்பியத் தரம் போட்டது வேண்டும். இங்கே வந்து புதிதாகவே வாங்கு. யாராவது "பழசு ஒண்ணு இருக்கு, எடுத்துக்கோ" என்று கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி, பெட்டி கட்ட வைத்துக்கொள்.

அம்மாவிடம் சொல்: நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை குற்றம், அவர் பயப்படுவதில் தப்பே இல்லை. இங்கே மாநில அரசே உரிமம் விற்று, தேதி குறித்து, எத்தனை மான் என்று கணக்கும் வைக்கிறது. நவம்பர் 15 துப்பாக்கி சீசன் ஆரம்பம். அன்றைக்குச் சில ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே லீவு. 1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். அதற்கு முன்பே போக ஆசை என்றால் அப்ரெண்டிஸ் உரிமம் உண்டு, கூடவே அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

டீம் ஆட்கள் உனக்குச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அவர்கள் இங்கேயே பிறந்தவர்கள், அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எச்-1பி மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போச்சு. "கொஞ்சம் புடி மச்சி" என்று நண்பன் நீட்டுவதை வாங்கி, விசா பேஜாரில் மாட்டாதே. வில்லுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. வில் சீசன் அக்டோபர் 1 தொடங்குகிறது, குளிரும் அப்போது பொறுத்துக்கொள்ளும்படி இருக்கும். முதல் வருடம் வில்லோடு போ.

சரி, மரத்துக்கு வருவோம். மான் ஒரு தடவை மனித வாடை பிடித்துவிட்டால் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காது. அதனால் இந்த ஆட்கள் ஏணியை ஒரே மரத்தில் நிறுத்தி வைப்பதில்லை. காற்று எந்தப் பக்கமோ அதற்கேற்ப தினம் ஒரு மரம். விடிவதற்கு முன்னால் ஒரு மைல், இரண்டு மைல் எல்லாவற்றையும் முதுகில் சுமந்து நடக்க வேண்டும், திரும்பும்போது கழற்றிக்கொண்டு வர வேண்டும். எடை பற்றிய பேச்சு முழுக்க இதனால்தான்.

பழைய சாமான் கிளைம்பிங் ஸ்டாண்ட். இரண்டு துண்டு, மரத்தைக் கவ்விக்கொண்டு கம்பளிப்பூச்சி போல மாறி மாறி ஏறும். பெரும்பாலும் 9 கிலோவை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள். கிளையில்லாத நேரான மரம் கிடைத்தால்தான் உதவும். உனக்கு வேண்டாம்.

இப்போது எல்லோரும் சேடில் பக்கம் போய்விட்டார்கள். இடுப்பையும் தொடையையும் தாங்கும் துணிப்பட்டை இருக்கை அது, இலேசானது ஒரு கிலோகூட வராது. மரத்தைச் சுற்றிய டெதர் கயிற்றில் அதை மாட்டி, மரத்தைப் பார்த்தபடி சாய்ந்து உட்காருவது. காலுக்கு அகலத் தட்டு அளவில் ஒரு பிளாட்பாரம். அந்த உயரத்துக்குப் போய்ச் சேர நாலைந்து வழி இருக்கிறது, டீம் சண்டையெல்லாம் அதில்தான்.

ஸ்டிக் என்பது இரண்டு, மூன்று படி உள்ள குட்டி ஏணித் துண்டு. மரத்தோடு வாரிலோ கயிற்றிலோ இறுக்குவார்கள். சாதாரண அலுமினிய ஸ்டிக் ஒன்று ஒரு கிலோவை ஒட்டி வரும், காசு கொடுத்தால் பாதி எடைக்கும் கிடைக்கும். நாலு கொண்டு போனால் ஐந்து, ஆறு மீட்டர் ஏறலாம். அடியில் எய்டர் என்கிற வார்ப்பட்டைப் படியைத் தொங்கவிட்டால் மூன்றே போதும், ஆனால் எய்டர் ஆடும். இருட்டில் கால் துழாவ வேண்டிவரும்.

ஒன் ஸ்டிக் முறையில் ஒரே ஒரு துண்டுதான். ஏறி நின்று, மேலே டெதர் போட்டு, சேடிலில் தொங்கிக்கொண்டு, காலடியில் உள்ள ஸ்டிக்கைக் கழற்றி இடுப்பு உயரத்தில் மறுபடி கட்டு. இப்படி நாலைந்து தடவை. இறங்கும்போது நீளக் கயிற்றில் ஃபிகர் எயிட் என்கிற எட்டு வடிவ உலோக வளையத்தை மாட்டிச் சறுக்கி வருவார்கள். முதுகுச் சுமை அப்படியே குறைந்துவிடும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றை அவிழ்த்து ஒன்றைக் கட்டுகிறாய், இறங்கும் முறையும் தனியாகப் படிக்க வேண்டும். கயிற்று நுனியில் தடுப்பு முடிச்சு, ஃபிகர் எயிட்டோடு, எடை பட்டால் இறுகிப் பிடிக்கும் ப்ரூசிக் முடிச்சு ஒன்று, இரண்டும் இல்லாமல் இறங்குகிறவனோடு சேராதே.

இன்னும் எடை குறைக்க வேண்டுமானால் கயிறு மட்டும். இரண்டு டெதர், இரண்டு கால்வளையம், மாற்றி மாற்றி நகர்த்திப் புழு ஊர்வது போல ஏறுவது ஒன்று. உறுதியான கிளைமேல் கயிற்றை எறிந்து, அதில் ஏறுவது இன்னொன்று. கிளைக் கயிறு பகலில் போய் முன்னேற்பாடு செய்பவனுக்குத்தான் சரி. இருட்டில், கயிற்று நுனியில் கட்டி எறியும் பை எங்கே போய் மாட்டும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. காலில் இரும்பு முள் கட்டி ஏறும் வீடியோக்களை மறந்துவிடு. பொதுநிலத்தில் மரப்பட்டையைத் துளைக்கும் எந்தச் சாமானையும் வைத்து ஏறுவது மிச்சிகனில் சட்டவிரோதம். திருகு ஆணிப் படிக்கும் அதே சட்டம்தான்.

என்னைக் கேட்டால்: சேடில், நாலு ஸ்டிக், லைன்மேன் பெல்ட். லைன்மேன் பெல்ட் என்பது இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றி வரும் கயிறு, நம் ஊர் ஈ.பி. லைன்மேன் கம்பத்தில் கட்டுவாரே, அதேதான். கால் தரையை விட்ட நொடியிலிருந்து மறுபடி தரை தொடும்வரை இடுப்பு மரத்தோடு கட்டியிருக்க வேண்டும். டெதரை மாட்டி, எடையைக் கொடுத்துப் பார்த்த பிறகே லைன்மேன் கயிற்றை அவிழ். டெதர் முகத்துக்கு நேராக, தொளதொளப்பில்லாமல் இருக்கட்டும். கீழே கட்டினால் வழுக்கும்போது அவ்வளவு தூரம் விழுந்துதான் நிற்பாய். வில்லைத் தோளில் மாட்டி ஏறாதே, மேலே போய்க் கயிற்றில் இழுத்துக்கொள். ஒரு கிலோ கூடுதலாகச் சுமந்தால் வேர்க்கும், அவ்வளவுதானே. ஏழு மீட்டர் போனால்தான் மான் கிடைக்கும் என்பது பீற்றல். பின்னால் கிளை மறைப்பு இருந்தால் நாலரை மீட்டரே தாராளம்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. இங்கே ஆஷ் மரங்களை எமரால்டு ஆஷ் போரர் என்கிற பச்சை வண்டு தின்று தீர்த்துவிட்டது. 2002இல் டெட்ராய்ட் பக்கம்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். கோடிக்கணக்கில் செத்த மரங்கள் இன்னும் சில காடுகளில் நின்றபடி இருக்கின்றன, வெளியே பார்த்தால் நேராக, கிளையில்லாமல், ஏறு ஏறு என்று கூப்பிடும். பட்டை வெளிறி உரிந்திருந்தால் கிட்டப் போகாதே. ஷாக்பார்க் ஹிக்கரியும் வேண்டாம். பட்டை பலகை பலகையாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், ஸ்டிக் வழுக்கும், சத்தமும் போடும். உயிருள்ள ஓக், மேப்பிள் நம்பலாம். ஏறும் முன் அண்ணாந்து பார்த்து, காய்ந்த கிளை ஏதும் தலைக்கு மேல் தொங்குகிறதா என்று கவனி.

நவம்பரில் குளிர் வேறு மாதிரி. நம்மாள் முதல் தடவை செய்வது, காரிலேயே எல்லா ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு நடப்பது. மரத்தடி வரும்போது முதுகு நனைந்திருக்கும், மேலே போய் அசையாமல் உட்கார்ந்ததும் அந்த வேர்வையே உறைய வைக்கும். மெலிதாக உடுத்து நட, கனத்த ஜாக்கெட்டைப் பையில் கட்டிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்த பிறகு போடு. ஈரமான கயிறு உறைந்தால் ப்ரூசிக் பிடித்துக்கொண்டு நகராது. விரல் மரத்துப்போன நிலையில் அதைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் நெம்பித் தளர்த்தத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குத்தான் இப்போதே வேலை கொடுக்கிறேன். பழகுவதற்குக் காசிமேட்டுக் கயிறே போதும். கட்டைவிரல் பருமனில் ஒன்றை மொட்டைமாடித் தூணிலிருந்து தொங்கவிடு, அதன்மேல் பாதிப் பருமனுள்ள கயிற்றை வளையமாக்கி மூன்று சுற்றுச் சுற்றி ப்ரூசிக் போடு. எடை கொடுத்தால் இறுகும், விட்டால் நகரும். 1931இல் கார்ல் ப்ரூசிக் என்கிற ஆஸ்திரிய மலையேறி பரப்பிய முடிச்சு. உன் சித்தப்பாவுக்கு ஒரு தடவை காட்டினால் அவரே உனக்குத் திருத்திக் கொடுப்பார், கயிறு கை பழகியவர்கள். பௌலைன் முடிச்சையும் அவரிடமே கற்றுக்கொள். தரையில் நின்றுதான், தொங்கிப் பார்க்காதே. கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு போட வர வேண்டும்.

சேடிலை மட்டும் முன்கூட்டி ஆர்டர் போட வேண்டியிருக்கும், அளவு பார்த்துத்தான் வாங்க முடியும். குளிர் பேன்ட்டுக்கு மேலே கட்டுவதால் ஜீன்ஸ் அளவைச் சொல்லாதே. இடுப்பையும் தொடையையும் டேப்பில் அளந்து, உடல் எடையோடு எழுதி அனுப்பு.