கல்லடிக்கு எவ்வளவு கவசம்? – வாகனக் கேள்வி பதில்

கேள்வி: ஒடுகத்தூரில் வசிக்கிறேன். சாமை, புளி கொள்முதலுக்காக ஜவ்வாது மலைமேல் பீஞ்சமந்தை பக்கத்து ஊர்களுக்கு அடிக்கடி சென்று வருகிறேன். என்னிடம் இருப்பது மஹிந்திரா தார், டீசல், ஃபோர் வீல் டிரைவ். மழைக்குப் பிறகு மண்பாதையில் கற்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. சென்ற மாதம் வண்டியின் அடியில் பலமாக ஓர் அடி விழுந்தது. அடிப்பாகம் முழுவதையும் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டால் மூடிவிடலாம் என்கிறது ஒரு பட்டறை. லிஃப்ட் கிட் போட்டு வண்டியை உயர்த்தினாலே போதும் என்கிறது மற்றொன்று. எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் சற்று நிறுத்தி வையுங்கள். அடி எங்கே விழுந்தது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். இன்ஜின் ஆறியபின் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, டார்ச் விளக்குடன் அடியில் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். இன்ஜின் ஆயில் தங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின் அடியில், ஆயிலை வடிப்பதற்காக இருக்கும் டிரெயின் போல்ட்டின் தலை ஒரு பக்கமாக மழுங்கியிருந்தால், கல் உரசியது அங்கேதான் என்று கொள்ளலாம். கசிவு இருக்கும் இடத்தில் புழுதி எண்ணெயோடு சேர்ந்து கருஞ்சேறு போல அப்பியிருக்கும். அதைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு நாள் ஓட்டியபின் மீண்டும் பாருங்கள். மறுபடி ஈரம் தெரிந்தால் கசிவு இன்னும் நிற்கவில்லை. பிரேக் குழாய்கள், டீசல் டேங்க், சைலன்சர் குழாய், பின் அச்சின் நடுவில் குண்டாகத் தொங்கி, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் ஆகியவற்றையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

லிஃப்ட் கிட்டைப் பற்றிச் சொல்கிறேன். 2020-இல் வந்த தாருக்குத் தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உயர்வது சேஸிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) பாடியும் மட்டுமே. பின் டிஃபரென்ஷியல் அச்சோடு சேர்ந்து சக்கரங்களுக்கு நடுவில் இருப்பதால், அது இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்தும் ஒரே வழி பெரிய டயர், அதிலும் விட்டம் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். மேலும், உயர்ந்த வண்டியின் எடை மையமும் உயர்ந்துவிடுகிறது. புளி மூட்டைகளோடு மலை வளைவுகளில் இறங்கும் உங்களுக்கு அது நல்லதல்ல.

முழு அடிப்பாகத்தையும் மூடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ எடை வரும். இரண்டு சதுர மீட்டருக்கு 94 கிலோ, அதாவது ஓர் ஆளை எந்நேரமும் ஏற்றிச் செல்வதைவிட அதிகம். அந்த எடையில் ஸ்பிரிங் அமுங்கி, காக்க நினைத்த இடைவெளியே குறையும். சேறும் சிறுகற்களும் தகட்டின்மேல் தங்கித் துருவை வளர்க்கும். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது காய்ந்த புல்: கோடையில் மலைப்பாதையின் நடுவில் வளர்ந்து காய்ந்திருக்கும் புல் தகட்டுக்குள் சிக்கி, சூடான சைலன்சர் குழாயை ஒட்டியே கிடந்தால் தீப்பற்றக்கூடும்.

உங்கள் தேவைக்கு ஆயில் சம்ப்புக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கும், விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஒன்று என 4 மில்லிமீட்டர் இரும்பில் இரண்டு தனித்தனித் தகடுகள் போதும். தகடு முழுவதும் சேஸிஸில்தான் பிடிப்புக் கொள்ள வேண்டும். சம்ப்பின் போல்ட்டிலோ கியர்பாக்ஸ் உறையிலோ பிடிப்புக் கொடுத்தால், கல்லின் அடியை நாமே அந்த உறுப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும். சேஸிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளையே பயன்படுத்தச் சொல்லுங்கள், வெல்டிங் வேண்டாம். அடி வாங்கும்போது தகடு சற்று வளையும் என்பதால், சம்ப்புக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு விரற்கடை அளவாவது இடைவெளி இருக்கட்டும். முன் விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். முன் தகட்டின் பின் விளிம்பு அடுத்த தகட்டின் கீழே, ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் கல் சிக்காமல் வழுக்கிப் போகும். போல்ட்டின் தலை தகட்டுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், இல்லையேல் ஓரிரு உரசலிலேயே தேய்ந்து, கழற்றவே முடியாமல் போய்விடும். ஆயில் மாற்றுவதற்கான துளையையும் காற்றுத் துளைகளையும் மறக்காதீர்கள். ராணிப்பேட்டைப் பக்கம் பாய்லர் உதிரிபாக வேலையில் பழகிய ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு இது பெரிய வேலையல்ல. அட்டையில் மாதிரி வெட்டி, வண்டியில் வைத்துப் பார்த்தபின் தகட்டை வெட்டச் சொல்லுங்கள்.

அலுமினியம் எடை குறைவு. 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடுகூட 4 மில்லிமீட்டர் இரும்பின் எடையில் பாதியளவுதான் வரும். ஆனால் ஜவ்வாது மலையின் சார்னோகைட் போன்ற கடினப் பாறையில் அலுமினியம் கீறி இழுபடும். இரும்பு வழுக்கிச் செல்லும். தகட்டை முன்னால் நீட்டி பம்பருக்கு வெளியே கொண்டுவர வேண்டாம். இத்தகைய முன்பக்கப் பாதுகாப்புக் கம்பிகளுக்கு (கிராஷ் கார்டு) எதிராக 2017 டிசம்பரிலேயே மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

தகடு போட்டபின்னும் ஓட்டும் முறையே பெரும்பங்கு காக்கும். துருத்திய கல்லை இரு சக்கரங்களுக்கு நடுவே விட்டுத் தாண்டப் பார்க்காமல், ஒரு பக்கச் சக்கரத்தைக் கல்லின்மேல் ஏற்றுங்கள். சக்கரத்தோடு வண்டியும் உயரும். ஃபோர் லோவில் (நான்கு சக்கரங்களும் குறைந்த வேகத்தில் அதிக இழுவிசையோடு சுழலும் நிலை) முதல் கியர் போட்டு நடைவேகத்தில் செல்லுங்கள். கல்லுக்கு மேலே இருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் வண்டியின் மூக்கு தாழ்ந்து, முன் டிஃபரென்ஷியல் நேராகக் கல்லில் மோதும். வேகத்தைக் குறைப்பது கல்லுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தெரியாத இடத்தில் உடன் வருபவரை இறங்கி வழிகாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அடிப்பாகத்துக்கு அடிக்கும் ரப்பர் கோட்டிங் கல்லடியைத் தாங்குமா? (காட்பாடி வாசகர்)

பதில்: டயர் தெறிக்கவிடும் பொடிக்கற்களைத் தாங்கும், துருவைத் தள்ளிப்போடும். மோதும் பாறைக்கு அது பெயிண்ட்தான்.

கேள்வி: கல்லில் அடிபட்டபின் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், பட்டறை வரை மெதுவாக ஓட்டிச் செல்லலாமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் இன்ஜினில் பேரிங்குகள் மிக விரைவில் உருகிப் பிடித்துவிடும். அந்த இடத்திலேயே அணைத்துவிட்டு, இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். இன்சூரன்ஸும் இங்கேதான் பிரிகிறது: கல்லில் உடைந்த சம்ப்பை விபத்துச் சேதமாக ஏற்பார்கள், ஆயில் இல்லாமல் தொடர்ந்து ஓட்டியதால் பழுதான இன்ஜினைப் பின்விளைவு நட்டம் என்று சாதாரண பாலிசியில் விலக்கிவிடுவார்கள். இன்ஜின் பாதுகாப்புக்கென்று கூடுதல் பிரிவு விற்கப்படுகிறது. மலைப்பாதையில் தொழில் செய்பவர்கள் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டு எடுத்துக்கொள்வது நல்லது. அடிபட்ட இடத்திலேயே கல்லையும், உடைந்த சம்ப்பையும், தரையில் வழிந்த எண்ணெயையும் படம் எடுத்து, வண்டியை நகர்த்துவதற்கு முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். மலையில் சிக்னல் கிடைக்காவிட்டால், படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, கிடைக்கும் முதல் இடத்திலிருந்து அனுப்பிவிடுங்கள்.