உம்மாவின் ஊசியை நிப்பாட்டாதீங்க தம்பி

உம்மாவுக்கு எலும்பு மெலிவுக்காக 6 மாதத்துக்கு ஒருக்கா போடுற டெனோசுமாப் ஊசி தவணை தாண்டி ஆறு கிழமை, நோவும் இல்லை, விட்டுடலாமா என்று கேட்டிருந்தீங்க. விடாதீங்க. இந்தக் கிழமையே அக்கரைப்பற்றில கிளினிக்குக்குக் கூட்டிப் போங்க.

பழைய எலும்பை அமிலத்தாலும் நொதியத்தாலும் கரைக்கிறவை ஆஸ்டியோகிளாஸ்ட் கலங்கள். அந்தக் குழியை வேறு கலங்கள் நிரப்பும். கரைக்கச் சில கிழமை, நிரப்பச் சில மாதம். மாதவிடாய் நின்றபிறகு கரைப்பு மிஞ்சும். ஆஸ்டியோகிளாஸ்ட் முதிர ரேங்க்எல் என்ற புரதம் வேணும். ஊசி அதைத்தான் பிடித்து வைக்குது. பிடி தளர்ந்தால் அந்தக் கலங்கள் முன்பைவிட வேகமாகக் கிளம்பும். முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றுக்கு மேல் நொறுங்கிற ஆபத்து அப்போதான்.

களுவாஞ்சிக்குடியில் என் மாமியும் நோவில்லை என்றுதான் விட்டா. கிணற்றடியில் வாளியைத் தூக்கினவ அப்படியே குந்திட்டா. இப்ப சீலைக் கொய்யகம் முன்னால நிலத்தில் இழுபடுது, அவ்வளவு கூனிட்டா.

நிப்பாட்டுறதென்றாலும் வைத்தியர் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிப்பாட்டணும். இரத்தத்தில் கல்சியம் பார்த்தாங்களா என்று கேளுங்க. பல் பிடுங்க இருந்தால் முதலே சொல்லுங்க. கிளினிக் கொப்பியில் கடைசி ஊசித் திகதியை விரல் வைத்துக் காட்டுங்க.