உதவித்தொகை பெறும் குழந்தைகள் பின்தங்கித் தெரிவது ஏன்?

உதவித்தொகை வாங்கும் குடும்பத்துக் குழந்தைகள் மற்ற குழந்தைகளைவிடச் சொல்வளத்தில் பின்தங்கியிருப்பதாக உங்கள் தரவு காட்டுகிறது, திட்டமே கெடுதல் செய்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள். அதிகம் கஷ்டப்படுகிறவர்கள்தானே விண்ணப்பிக்கிறார்கள்? பழைய வறுமை செய்த சேதத்தைத் திட்டத்தின் தலையில் கட்டுவதாகிவிடும்.

மெக்சிகோவில் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தர 1997-இல் தொடங்கிய புரோகிரேசா என்ற திட்டத்தில், ஆய்வுக்கு எடுத்த 506 கிராமங்களில் 320-ஐக் குலுக்கல் முறையில் தேர்ந்து முதலில் பணம் கொடுத்தார்கள். மீதி 186 பிறகு சேர்ந்தன. அந்த இடைவெளிதான் நேர்மையான ஒப்பீட்டைத் தந்தது.

உங்களிடம் குலுக்கல் இல்லை, சரி. வருமான வரம்பைச் சற்றே தாண்டியதால் உதவி கிடைக்காதவர்களையும், மயிரிழையில் உள்ளே வந்தவர்களையும் ஒப்பிடுங்கள்; இரு தரப்பின் வறுமையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்புறம், அம்மாக்களிடம் "பணம் பயன்பட்டதா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் வரும். குழந்தைக்கு மருந்து வாங்கக் கடைசியாக எப்போது, யாரிடம் கடன் கேட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.