கண்கள் நெற்றிக்கு ஏறுகின்றனவே!

கேள்வி: 42 வயதில் ஓவியம் பழகுகிறேன். முகம் வரைந்தால் கண்கள் நெற்றிக்கு ஏறிவிடுகின்றன. நோட்டை யாரிடமும் காட்டக் கூச்சமாக இருக்கிறது. – ஒரு வாசகி, கரூர்

பதில்: உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறையச் சரிபாதியில்தான் கண்கள் இருக்கின்றன, அம்மா. கண்ணாடி முன் நின்று பென்சிலால் அளந்து பாருங்கள். நெற்றியையும் முடியையும் நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நான் முதன்முதலில் வரைந்த என் பாட்டிக்கு நெற்றியே கிடையாது. பொட்டை மூக்கின்மேல் வைத்திருந்தேன்! பாட்டி ஒரு வாரம் சிரித்தார்.

ரப்பரை ஒரு மாதம் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். 2பி பென்சிலால் லேசாக வரையுங்கள். தவறினால் பக்கத்திலேயே இன்னொரு கோடு. கூச்சம் போகும்வரை எவர்சில்வர் டம்ளரை வரையலாம். மேலிருந்து பார்த்தால் வாயைவிட அடிப்பக்கம் சற்று அதிகமாக வளைந்திருக்கும், கவனியுங்கள். எப்படி வரைந்தாலும் டம்ளர் கோபித்துக்கொள்ளாது.