மூணு அட்டைப்பெட்டி இன்னும் பிரிக்கல

கேள்வி: அக்கா, நான் கம்பத்துக்காரி. கல்யாணமாகி ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துல மண்டபம்ங்கிற ஊருக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு, வீட்டுக்காரருக்கு இங்கதான் வேலை. எங்க ஊர்ல ஜன்னலைத் திறந்தா மலை தெரியும், இங்க திறந்தா உப்புக் காத்துதான். கேஸ் ஸ்டவ்வே துருப்பிடிச்சுப் போச்சு. கொண்டு வந்த சாமான்ல மூணு அட்டைப்பெட்டியை இன்னும் பிரிக்கல. அம்மாகிட்ட போகும்போது "வீட்டுக்குப் போறேன்"ங்கிறேன், திரும்பும்போது "மண்டபத்துக்குப் போறேன்"ங்கிறேன். அதைக் கேட்டு அவர் முகம் வாடிப்போகுது. இது என் வீடுன்னு எனக்கு எப்பத் தோணும்? தோணவே தோணாதா?

பதில்: தங்கச்சி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், உன் மேல எந்தத் தப்பும் இல்ல. நான் பரமக்குடிக்காரி, 1989ல பாம்பன் தீவுக்கு வாக்கப்பட்டு வந்தேன். அதுக்கு முந்தின வருஷம்தான் ரோட்டுப் பாலம் திறந்திருந்தாங்க, பஸ்ல பாலத்து மேல வரும்போது ரெண்டு பக்கமும் தண்ணியைப் பாத்துட்டு, இனிமே தரைக்குத் திரும்பிப் போக முடியாதோன்னு வயித்தைக் கலக்குச்சு. முதல் ஒரு வருஷம் காலண்டர்ல நாளை எண்ணிக்கிட்டே கிடந்தேன். யாராவது "எந்த ஊரும்மா"ன்னு கேட்டா "பரமக்குடி"ன்னுதான் வாயில வரும்.

அது எப்ப மாறுச்சுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. காய்ச்சல்னு அம்மா வீட்டுக்குப் போய் இருபது நாள் கழிச்சு வந்தேன். மறுநாள் காலையில தெருவுல மீன் விக்கிற அம்மா கூடையை இறக்கி வச்சுட்டு, "எங்கத்தா போன, சூடை மீனு உனக்குப் பிடிக்குமேன்னு நாலு நாளு தனியா எடுத்து வச்சேன், நீ வரவே இல்ல"ன்னு கோவமா கேட்டாங்க. நான் பதிலே சொல்லல, உள்ள போய் அழுதுட்டேன். நான் இல்லாததை இந்த ஊர்ல ஒருத்தங்க கவனிச்சிருக்காங்க, அதுவும் மாமியாரோ வீட்டுக்காரரோ இல்ல, எனக்கு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு ஆளு. அன்னைக்குதான் பாம்பன் எனக்கு வீடாச்சு. கட்டிலும் பீரோவும் ரெண்டு வருஷமா வீட்டுல கிடந்துச்சு, அதால ஆகல.

அதனால நீ செய்ய வேண்டியது, உன்னைத் தேடுற ஆளை உண்டாக்கிக்கிறதுதான். மீனை டெய்லி ஒரே ஆள்கிட்ட வாங்கு. கம்பத்துப் பொண்ணு, மீன் பாத்து வாங்கத் தெரியாதுன்னு கூச்சப்படாத, தெரியலன்னே சொல்லு. செவுளைத் தூக்கிப் பாரு, ரத்தச் சிவப்பா இருக்கணும், இது விளமீனு, இது பாறை, இதைக் குழம்பு வை, இதைப் பொரின்னு அவங்களே சொல்லித் தருவாங்க. கத்துக் குடுத்த ஆளு உன்னை மறக்கவே மாட்டாங்க. பக்கத்து வீட்டுல இருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தா கிண்ணத்தைக் கழுவி வெறுசாத் திருப்பிக் குடுக்காத, ஒரு கைப்பிடி எதையாச்சும் போட்டுக் குடு. அந்தக் கிண்ணம் போயிட்டு வந்துக்கிட்டே இருக்கட்டும்.

அடுத்தது காத்து. உப்புக் காத்துன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்ட, ஆனா மண்டபம் மாதிரி ஊரு லேசுல கிடைக்காது, வடக்க பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா, ரெண்டு கடலும் நடந்து போற தூரம். வைகாசியில இருந்து கச்சான், அதான் தென்மேக்குக் காத்து, அடிக்கிற காலம் முழுக்க தென்கடல் பேயாட்டம் ஆடும், வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும், ஐப்பசி பொறந்து வாடை வந்துட்டா அப்படியே தலைகீழ். இந்தக் காத்துப் பேரெல்லாம் எனக்கு எதிர்வீட்டு அப்பத்தா சொல்லிக் குடுத்தது, கொடியில கிடக்கிற துணி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாத்தே இன்னைக்கு எந்தக் கடலுக்குப் போவாங்கன்னு சொல்லிருவாங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம்ல, அப்ப தெருவே வேற மாதிரி இருக்கும், ஆம்பளைங்க எல்லாம் கரையில வலை பின்னிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. சாயங்காலம் அவரைக் கூட்டிட்டு அந்தப் பக்கம் போய்ப் பாரு. ஸ்டவ்வு துருப்பிடிக்கத்தான் செய்யும், ராத்திரி ஈரமில்லாம துடைச்சு எண்ணெய்த் துணியால ஒரு தடவு தடவி வை, எங்க வீட்டுல அதான்.

தனுஷ்கோடிக்குப் போயிருக்கியா? 1964 டிசம்பர் புயல்ல ரயிலோட சேத்து ஊரே போச்சு, ஆள் குடியிருக்க லாயக்கில்லன்னு அரசாங்கம் சொல்லிருச்சு, இருந்தும் மீன்பிடிக்கிற குடும்பங்க அங்க ஓலைக்குடிசை போட்டு இருக்காங்க. ஒரு தடவை அங்க ஒரு பொம்பளை தண்ணி எடுக்கிறதைப் பக்கத்துல நின்னு பாத்தேன். கடல் கூப்பிடு தூரத்துல கிடக்கு, அந்தம்மா மணல்ல கையாலயே குழி பறிக்கிறாங்க, முழங்கை ஆழம் போனதும் தண்ணி ஊறுது, சிரட்டையால மெதுவா மோந்து குடத்துல ஊத்துறாங்க. குடிச்சுப் பாத்தேன், இளநி மாதிரி இருந்துச்சு. மழைத்தண்ணி மணல்ல இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்து நிக்குதாம், ரொம்ப ஆழம் தோண்டினா உப்பு ஏறிரும்னாங்க. ஏன் இன்னும் இங்கயே இருக்கீங்கன்னு நான் கேக்க நினைச்சேன், தண்ணி எங்க ஊறும்னு அவங்க கைக்குத் தெரிஞ்சிருந்ததைப் பாத்தப்புறம் கேக்கத் தோணல.

"வீட்டுக்குப் போறேன்"னு அம்மா வீட்டைச் சொல்றதை நீ மாத்திக்க வேணாம். நான் இன்னமும் பரமக்குடியை அப்படித்தான் சொல்றேன், எனக்கு ரெண்டு வீடு. இதை உன் வீட்டுக்காரர்கிட்ட நேராவே சொல்லிடு, அவர் மேல உள்ள குறையில சொல்லலன்னு அவருக்குத் தெரியணும், பாவம் அவரும் எத்தனை நாள் மனசுக்குள்ளயே வச்சிருப்பாரு.

இந்த ஞாயித்துக்கிழமை அவரையும் உக்கார வச்சு பெட்டி ஒண்ணைப் பிரி, மூணையும் பிரிக்கணும்னு இல்ல. அடுத்த தடவை ஊருக்குப் போய்ட்டு வரும்போது பன்னீர் திராட்சை ரெண்டு கிலோ கூடுதலா வாங்கிட்டு வா. மீன்காரம்மாவுக்கு ஒரு கொத்து, பக்கத்து வீட்டுக் கிண்ணத்துல ஒரு கொத்து. பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு எழுது.